மேல என்ன வச்சீங்க, கீழ எதால வகுத்தீங்க?

2024 மார்ச், எலெக்‌ஷன் சூடு. எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல காலைலயே ஒரு படம் வந்துச்சு, தமிழ்நாடு ஒரு ரூபா வரி குடுத்தா டெல்லில இருந்து திரும்பி வர்றது வெறும் 29 பைசான்னு. போட்டது சித்தப்பா. நான் பல்லு விளக்கிட்டு வர்றதுக்குள்ள மாமா அதுக்கு பதிலா ஒன்னு போட்டுட்டாரு, 2014ல இருந்து 2023 மார்ச் வரைக்கும் தமிழ்நாட்டுல வசூலான நேரடி வரி 6.23 லட்சம் கோடி, டெல்லி தமிழ்நாட்டுக்கு குடுத்தது 6.96 லட்சம் கோடின்னு. வகுத்துப் பாத்தா ஒரு ரூபாய்க்கு 1 ரூபா 11 பைசா. ஒரே மாநிலம், ஒரே கஜானா, ஒருத்தர் கணக்குல 71 பைசா நஷ்டம், இன்னொருத்தர் கணக்குல 11 பைசா லாபம்.

ரெண்டுமே எவனோ ரூம்ல உக்காந்து எழுதுன கதை இல்ல. 29 பைசாவ அந்த தேர்தல்ல ஊர் ஊரா கொண்டு போனது உதயநிதி ஸ்டாலின், பிரதமரயே இனிமே அந்தப் பேர்லதான் கூப்பிடணும்னு மேடைல பேசினாரு. 6.96 லட்சம் கோடி கணக்கு நிர்மலா சீதாராமன் 2024 ஜனவரில சென்னைல வந்து சொன்னது. ரெண்டு பேருமே பொய்னு சொல்லிட்டுப் போறது ஈசி, ஒருத்தர் மட்டும் பொய்னு நினைக்கறது அதவிட ஈசி. நான் ரெண்டாவதத்தான் செஞ்சேன். சித்தப்பா படத்துக்கு ஹார்ட்டின் போட்டேன், மாமா படத்துக்குக் கீழ மட்டும் "சோர்ஸ் இருக்கா?"ன்னு கேட்டேன். எனக்குப் பிடிச்ச கணக்குக்கு ஆதாரம் கேக்கணும்னு தோணவே இல்ல, பிடிக்காத கணக்குக்கு மட்டும் டக்குனு ஆடிட்டர் ஆயிட்டேன். இப்ப எழுதறத அந்த ஒரு கேள்விக்குறிக்கு நான் கட்டற அபராதம்னு வச்சுக்கோங்க.

மொதல்ல இந்த ரெண்டு நம்பரும் எப்படிப் பொறக்குதுன்னு பாப்போம். எந்த வகுத்தல் கணக்குக்கும் மேல ஒரு தொகை, கீழ ஒரு தொகை, அவ்வளவுதான். 29 பைசா வரணும்னா மேல வரிப்பகிர்வ மட்டும் வைக்கணும், அதாவது நிதிக்குழு சொன்ன பங்குப்படி மாசாமாசம் மாநிலத்துக்கு வர்ற பணம். ஒன்றிய அரசோட மானியம், நூறுநாள் வேலைத் திட்டக் கூலி மாதிரி திட்டப்பணம், இங்க போடற நேஷனல் ஹைவே, ரயில் பாதை எதுவும் மேல வராது. மாமா கணக்குல இது அப்படியே தலைகீழ். மேல வரிப்பகிர்வு, மானியம், இன்னும் என்னென்ன தலைப்புல பணம் வந்துச்சோ அத்தனையும் கூட்டி வச்சாச்சு, கீழ நேரடி வரி மட்டும், அதாவது வருமான வரியும் கம்பெனி வரியும். நாம டீக்கும் சோப்புக்கும் கட்டற ஜிஎஸ்டில டெல்லிக்குப் போற பங்கு கீழ இல்லவே இல்ல. ஒருத்தர் மேல இருக்கறத ஒல்லியாக்கிட்டாரு, இன்னொருத்தர் கீழ இருக்கறத ஒல்லியாக்கிட்டாரு. எந்த இலக்கமும் பொய் இல்ல, எல்லாமே ஏதோ ஒரு அரசாங்க ஏட்டுல இருக்கறதுதான். அதனாலதான் இந்த மாதிரி வாதத்த உடைக்கறது கஷ்டம். பொய்னா ஒரு ஃபேக்ட்செக் போட்டு முடிச்சிரலாம், உண்மையான நம்பர வச்சு கட்டுன வாதத்த எங்க போய் செக் பண்றது?

இதுல எனக்கு ரொம்ப உறைச்ச விஷயம் வேற ஒன்னு. 29 பைசான்னு சொன்ன உடனே மனசு அத எதோட ஒப்பிடுது? ஒரு ரூபாயோட. ஆனா அந்த ஒரு ரூபாய்ங்கற அளவுகோல யாரு தந்தா? எந்த மாநிலத்துக்காவது முழு ரூபா திரும்பி வரணும்னு எங்கயாவது எழுதியிருக்கா? ராணுவம், பழைய கடனுக்கு வட்டி, ரயில்வே, இதுக்கெல்லாம் டெல்லி எடுத்துக்கறது போகத்தான மிச்சம். 2023-24ல ஒன்றிய அரசு மொத்தமா வசூல் பண்ணுன வரி சுமார் 34.65 லட்சம் கோடி, அதுல எல்லா மாநிலத்துக்கும் சேத்து பிரிச்சுக் குடுத்தது சுமார் 11.29 லட்சம் கோடி. ரூபாய்க்கு 33 பைசா கூட முழுசா வரல. அப்ப எல்லா மாநிலத்துக்கும் அவங்கவங்க குடுத்த அளவுலயே கரெக்டா திருப்பிக் குடுத்தாலும், ஒருத்தருக்கு மேல ஒருத்தர் பைசா கூட எடுத்துக்காத ஒரு ராமராஜ்யம் வந்தாலும், தமிழ்நாட்டுக்குக் கிடைக்கறது 33 பைசா. சுங்க வரி மாதிரி எந்த மாநிலக் கணக்குலயும் எழுத முடியாதத கழிச்சுட்டுப் பாத்தா கொஞ்சம் கூடும், 40க்குள்ள நிக்கும். ஆக ஒப்பிட வேண்டியது 29க்கும் 100க்கும் இல்ல, 29க்கும் முப்பத்தஞ்சு நாப்பதுக்கும். குறைதான், இல்லன்னு சொல்லல. ஆனா மேடைல நின்னு "நமக்கு முப்பத்தாறு வரணும், இருபத்தொம்போதுதான் வருது"ன்னு சொன்னா எவன் கை தட்டுவான்?

ஊர்க் கோயில் கொடை நடத்துன அனுபவம் இருக்கறவங்களுக்கு இது டக்குனு புரியும். தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வரி போடறோம், வசதியானவரு அதுக்கு மேலயும் நன்கொடை எழுதறாரு. வந்த பணத்துல பாதிக்கு மேல பந்தல், சீரியல் செட்டு, மேளம், வாணவேடிக்கைக்குப் போயிருது. மிச்சத்துலதான் சோறு. ஐயாயிரம் குடுத்தவர் ஐயாயிரத்துக்கு சாப்பிட்டுப் போறது இல்ல, "நான் குடுத்ததுல எனக்கு எவ்வளவு சோறா திரும்பி வந்துச்சு"ன்னு அவர் கணக்கு போட்டா ஊரே சிரிக்கும். அதே சமயம் பந்தலுக்கு எவ்வளவு எடுத்தீங்க, அந்த சீரியல் செட்டு கான்ட்ராக்ட யாருக்குக் குடுத்தீங்கன்னு அவர் கேக்கலாம், கேக்கணும், அது நியாயமான கேள்வி. ரெண்டு கேள்விக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்ததான் 29 பைசா படம் மறைக்குது.

இன்னொன்னு, "தமிழ்நாடு கட்டுன வரி"ன்னு நாம சொல்றதே கொஞ்சம் வழுக்கற வார்த்தை. நேரடி வரில மகாராஷ்டிரா கணக்குல மட்டும் மூணுல ஒரு பங்குக்கு மேல வருது. அங்க இருக்கறவங்க எல்லாம் அவ்வளவு சம்பாதிக்கறாங்கன்னு அர்த்தம் இல்ல, பெரிய கம்பெனிகளோட, பேங்குகளோட தலைமை ஆபீஸ் மும்பைல இருக்கு, வரி அங்க இருந்து கட்டறாங்க. மதுரைல ஒரு அம்மா வாங்குன சோப்போட லாபத்துக்கான வரி மும்பை கணக்குல ஏறுது. சரி நமக்கு நஷ்டம்னு நினைக்கறதுக்குள்ள திருப்பிப் பாருங்க, ஸ்ரீபெரும்புதூர்ல கார் செய்யற கம்பெனி பாட்னாவுல வித்த காரோட லாபத்துக்கும் வரி இங்கதான் எழுதுது, அது நம்ம கணக்குல ஏறுது. ஒரு ரூபா குடுத்தா பீகாருக்கு 7 ரூபான்னு அதே படங்கள்ல போடறாங்களே, அதுல பீகார்க்காரன் வாங்குற பொருளோட லாப வரி பெரும்பாலும் வேற ஊரு கணக்குலதான் இருக்கும். அதனால பீகார் பணக்கார ஊருன்னு சொல்ல வரல, அந்த 7 ரூபா தோராயம் கூட இல்லாத ஒரு நம்பர்னு மட்டும் சொல்றேன்.

இந்த எடத்துல சித்தப்பா கோபப்படுவாருன்னு தெரியும், "அப்ப நமக்கு அநியாயமே நடக்கலயாடா"ன்னு. நடக்குது சித்தப்பா. ஆனா அதுக்கான வாதம் இதவிட உறுதியா வேற எடத்துல இருக்கு.

நிதிக்குழுன்னு ஒன்னு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா போடறாங்க, வரில மாநிலங்களுக்கு மொத்தமா எவ்வளவு, அதுல யாருக்கு எத்தன சதவீதம்னு அதுதான் சொல்லும். தமிழ்நாட்டோட பங்கு 9வது நிதிக்குழுல 7.931%, 15வதுல 4.079%னு ஒரு ஒப்பீடு அடிக்கடி வரும். கேட்ட உடனே பகீர்னு இருக்கும், பாதியாக்கிட்டானேன்னு. எனக்கும் இதுதான் ரொம்பப் பிடிச்ச வாதமா இருந்துச்சு, அதனாலயே தோண்டிப் பாத்தேன். 2000ல 80வது அரசியல் சட்டத் திருத்தம் வர்றதுக்கு முன்னாடி மாநிலங்களோட பகிர்ந்துக்கிட்டது வருமான வரியும் எக்சைஸும் (உற்பத்தி வரி) மட்டும்தான், அதுக்கு அப்பறம்தான் ஒன்றிய அரசோட எல்லா வரியும் ஒரே பானைக்குள்ள வந்துச்சு. ஆக 7.931 ஒரு பானை, 4.079 வேற பானை. ஒரே பானையா இருக்கற காலத்த மட்டும் எடுத்தா 11வது குழுல 5.385, அடுத்து 5.305, 4.969, 4.023, 4.079. பாதியாகல, நாலுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு. பரபரப்பு கொஞ்சம் இறங்கும், ஆனா யாராலயும் தட்டிவிட முடியாது. 2011 சென்சஸ்படி நாட்டு ஜனத்தொகைல நாம கிட்டத்தட்ட 6%, பங்கு 4%, இது கையில பிடிச்சுப் பேசக்கூடிய கணக்கு.

ஏன் குறைஞ்சுதுங்கறதும் ரகசியம் இல்ல. 15வது குழு போட்ட சூத்திரத்துல 45% வெயிட்டேஜ் "வருமான தூரம்"ங்கற ஒரு அளவுக்கு, அதாவது தலைக்கு வருமானம் எவ்வளவு கம்மியோ அவ்வளவு கூட பங்கு. ஜனத்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, குழந்தைப் பிறப்ப கட்டுப்படுத்துனதுக்கு 12.5, காடுக்கு 10, வரி வசூல் திறமைக்கு 2.5. அந்தக் குழு காலத்துல உ.பி.க்கு 17.939% போனதுக்கு காரணம் இந்த சூத்திரம். இத வஞ்சகம்னு கூப்பிடலாம், ஏழை மாநிலத்துக்கு உதவின்னும் கூப்பிடலாம், எந்தப் பேர் வச்சாலும் சண்டை போட வேண்டிய எடம் அந்த 45ங்கற நம்பர், ஜனத்தொகைக்கு 1971 கணக்க விட்டுட்டு 2011க்கு மாறுனது, இந்த ரெண்டும்தான். மேடைப் பேச்சுல இந்த 45அ யாராவது சொல்லி நான் கேட்டதே இல்ல. பட்டிமன்றத்துல சூத்திரம் எடுபடாது இல்லையா.

அதவிட எரியற விஷயம் செஸ், சர்சார்ஜ், அதாவது சாதா வரிக்கு மேல போடற கூடுதல் வரிகள். இது ரெண்டுல வர்ற பணத்த மாநிலத்தோட பங்கு போட வேண்டியதில்லன்னு அரசியல் சட்டமே சொல்லுது. 2021ல ஒரு லிட்டர் பெட்ரோல்ல ஒன்றிய அரசோட வரி 32 ரூபா 90 பைசா இருந்துச்சு, அதுல எல்லா மாநிலத்தோடயும் பகிர்ந்துக்க வேண்டிய அடிப்படை எக்சைஸ் வெறும் 1 ரூபா 40 பைசா. மிச்சம் 31 ரூபா 50 பைசாவும் ரோடு செஸ், விவசாய உள்கட்டமைப்பு செஸ், சிறப்பு கூடுதல் வரின்னு வேற பேர்ல, பகிர்வுக்கு வெளிய. மாநிலங்களுக்கு 42% தர்றோம், 41% தர்றோம்னு சொல்றது நூத்துக்கு நூறு உண்மை, ஆனா அந்த 41 எதுக்கு மேலங்கறதுதான் கேள்வி, சோத்துல ஒரு பங்க மொதல்லயே தனியா எடுத்து மூடி வச்சுட்டு மிச்சத்துல 41 பங்குன்னு பிரிச்சா? 2011-12 வாக்குல மொத்த வரில சுமார் பத்துல ஒரு பங்கா இருந்த இந்த செஸ், சர்சார்ஜ் 2020-21 வாக்குல அஞ்சுல ஒரு பங்க தொட்டுச்சு. இது தமிழ்நாட்டுக்கு மட்டும் நடந்தது இல்ல, உ.பி.க்கும் பீகாருக்கும் சேத்துதான் நடந்தது, அதனாலதானோ என்னவோ நம்ம ஊர் மேடைல இதுக்கு அவ்வளவு மவுசு இல்ல. எதிரி பக்கத்து மாநிலக்காரனா இருந்தாதான பேச்சு சூடு பிடிக்கும்.

சரி, மாமா பக்கத்துக்கு வர்றேன். அவரோட அடுத்த ஆயுதம் "மூணு மடங்கு". 2025 ஏப்ரல்ல பாம்பன் புதுப் பாலம் திறக்க ராமேஸ்வரம் வந்தப்ப பிரதமர் இதத்தான் சொன்னாரு, 2014க்கு முன்னாடி இருந்தத விட தமிழ்நாட்டுக்கு மூணு மடங்கு நிதி தந்தும் சிலர் அழுதுட்டே இருக்காங்கன்னு. அதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடி கோயம்புத்தூர்ல அமித் ஷாவும் அதே ரகம், காங்கிரஸ் கூட்டணி பத்து வருஷத்துல 1.5 லட்சம் கோடி சொச்சம், நாங்க 5 லட்சம் கோடிக்கு மேலன்னு. (நிதியமைச்சர் ஒன்பது வருஷத்துக்கே 6.96 சொன்னாரே, இவரு பத்து வருஷத்துக்கு 5.08 சொல்றாரேன்னு குழம்பாதீங்க, மேல எத எத கூட்டறோம்ங்கறதுல ஒரே கட்சிக்குள்ளயே ரெண்டு கணக்கு ஓடுது.) நம்பர் தப்பு இல்ல. ஆனா மூணு மடங்குங்கறது எதோட ஒப்பிட்டு? 2004ல இருந்து 2014 வரைக்கும் பத்து வருஷத்துல ஒன்றிய அரசு நாடு பூரா வசூல் பண்ணுன மொத்த வரி சுமார் 68 லட்சம் கோடி, அடுத்த பத்து வருஷத்துல சுமார் 217 லட்சம் கோடி. அதுவும் மூணு மடங்கு தாண்டிருச்சு. விலைவாசி ஏறிருக்கு, பொருளாதாரம் வளந்திருக்கு, வசூல் வளந்திருக்கு, அதோட சேந்து குடுக்கறதும் வளந்திருக்கு. எங்க தாத்தா காலத்துல வாத்தியாருக்கு சம்பளம் நூத்தம்பது ரூபா, இப்ப அறுபதாயிரம், அதுக்காக அரசாங்கம் வாத்தியார நானூறு மடங்கு மதிக்குதுன்னு யாராவது சொல்வாங்களா?

இன்னும் கொஞ்சம் கிட்ட போய் வரிப்பகிர்வ மட்டும் பாத்தேன். 2013-14ல எல்லா மாநிலத்துக்கும் சேத்து சுமார் 3.18 லட்சம் கோடி, 2023-24ல 11.29 லட்சம் கோடி, மூன்றரை மடங்கு. நம்ம சதவீதத்த அதுல பெருக்கினா தமிழ்நாட்டுக்கு சுமார் 15,800 கோடியா இருந்தது 46,000 கோடி ஆயிருக்கு, 2.9 மடங்கு. அப்ப "மூணு மடங்கு தந்தோம்"ங்கறதும் உண்மை, "மத்தவங்களுக்குக் கூடுன அளவு எங்களுக்குக் கூடல"ங்கறதும் உண்மை, ரெண்டும் ஒரே வரிசைல இருந்து வர்ற நம்பர்தான்.

இங்க கவனிக்க வேண்டியது கதை எந்த வருஷத்துல ஆரம்பிக்குதுங்கறத. மாமா கட்சிக்கு உலகம் 2014ல ஆரம்பிச்சுது. நமக்கு? நம்ம கதை எப்பவும் "வடக்கு வாழ்கிறது தெற்கு தேய்கிறது"ல ஆரம்பிக்கும். அண்ணா காலத்து முழக்கம், வடக்கு-வாழ்கிறது, தெற்கு-தேய்கிறது, மோனை அப்படியே பல்லுக்குள்ள உக்காந்துக்கும், எழுபது வருஷம் ஆகியும் எந்திரிக்கல. தமிழ்ல பாதி அரசியல் வாதங்கள் காதுலயே ஜெயிச்சிரும், மூளைக்குப் போற வரைக்கும் காத்திருக்காது. அந்த முழக்கத்துல உண்மை இருந்துச்சு, மொதல் ஐந்தாண்டுத் திட்டங்கள்ல பெரிய எஃகு ஆலை எதுவும் இங்க வரல. ஆனா அதே 1950கள்ல கொண்டு வந்த சரக்குக் கட்டண சமன்பாட்டுக் கொள்கைய நம்ம பக்கம் யாரும் நினைவுல வச்சுக்கல. ஜாம்ஷெட்பூர்ல செஞ்ச எஃகு ஜாம்ஷெட்பூர்ல என்ன விலையோ மெட்ராஸ்லயும் அதே விலை, ரயில் கூலிய அரசாங்கம் சமன் பண்ணிரும். சுரங்கம் பக்கத்துல இருக்குங்கற ஒரே ஒரு சாதகமும் அன்னைக்கு பீகார் கைய விட்டுப் போச்சு, இப்ப ஜார்கண்ட்னு சொல்ற பகுதி அப்ப பீகார்லதான இருந்துச்சு, கடலோரமா துறைமுகம் வச்சிருந்த மகாராஷ்டிரா, குஜராத், தமிழ்நாடு பக்கம் இஞ்சினியரிங் தொழில் வளந்துச்சு. 1990கள் ஆரம்பம் வரைக்கும் இது ஓடுச்சு. நம்ம வளர்ச்சிக்கு இதுதான் காரணம்னு சொன்னா அது அபத்தம், பள்ளிக்கூடமும் சத்துணவும் ரோடும் கரண்டும் நாம போட்டது. ஆனா பீகார்க்காரன் தன் கதைய 1952ல ஆரம்பிச்சா அது வேற கதையா இருக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கறதுல தப்பில்ல.

ஒரு வாதம் நேர்மையானதான்னு பாக்க நான் இப்ப செய்யற ஒரு வேலை, அத எடுத்து வேற எடத்துல வச்சுப் பாக்கறது. 2012ல குஜராத் முதல்வரா இருந்தப்ப நரேந்திர மோடி கேட்ட கேள்வி, குஜராத் 60,000 கோடி குடுக்குது, திரும்பி என்ன வருது, நாங்க என்ன பிச்சைக்கார மாநிலமான்னு. இன்னைக்கு அதே கேள்விய சென்னைல கேட்டா பிரிவினைவாதம், 2024 பிப்ரவரில கர்நாடகாக்காரங்க டெல்லி ஜந்தர் மந்தர்ல உக்காந்து கேட்டப்பவும் அதே பட்டம். மாமாகிட்ட இத சொன்னேன், ஒரு நாள் பூரா குரூப்ல குட்மார்னிங் கூட போடல.

ஆனா இந்த சோதனை நம்ம பக்கமும் கடிக்கும். "என் வரி என் மாநிலத்துக்கு"ங்கறது கொள்கைன்னா, "என் வரி என் மாவட்டத்துக்கு"ன்னு கோயம்புத்தூர்க்காரரும் திருப்பூர்க்காரரும் கேட்டா? சென்னையும் கோவையும் கட்டற வரிலதான் ராமநாதபுரத்துல ஆஸ்பத்திரி ஓடுது, பெரம்பலூர்ல பஸ் ஓடுது. அத நாம சமூக நீதின்னு சொல்றோம், பெருமையா சொல்றோம். 2021ல கொங்கு நாடுன்னு ஒரு பேச்சு கிளம்புனப்ப அத எதிர்த்து நான் எழுதுன காரணத்த எல்லாம் தேடி எடுத்துப் படிச்சேன், பணக்காரப் பகுதி ஏழைப் பகுதிக்குத் தோள் குடுக்கறதுதான் மாநிலம்னு ரொம்ப அழகா எழுதிருக்கேன். மாநிலம்ங்கற சொல்ல அடிச்சுட்டு நாடுன்னு போட்டா அது மாமாவோட வாதம். இதுக்கு எங்கிட்ட முழுசா பதில் இல்ல. எவ்வளவு தோள் குடுக்கணும், எத்தன வருஷம், குடுத்த தோளுக்கு அங்க என்ன நடந்துச்சுன்னு கேக்க உரிமை உண்டா, இப்படித்தான் என்னால போக முடியுது. மாவட்டத்துக்கு எவ்வளவுன்னு முடிவு பண்ற சட்டசபைல கோயம்புத்தூர்க்காரருக்கும் ஓட்டு இருக்கு, நிதிக்குழுல தமிழ்நாட்டுக்கு நாற்காலி இல்ல, இந்த வித்தியாசமும் சேத்துதான் பாக்கணும்.

வார்த்தையும் ஒரு வாதம்தான், சத்தமில்லாம உள்ள வரும். 2021ல ஆட்சி மாறுன உடனே மத்திய அரசு ஒன்றிய அரசு ஆச்சு, நானே இந்தக் கட்டுரை பூரா அப்படித்தான் எழுதிட்டு வர்றேன், அரசியல் சட்டத்தோட மொதப் பிரிவுல இருக்கற வார்த்தைதான் அது, ஆனா அத எழுதும்போதே நான் எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதே மிக்ஸி ஆதரிக்கறவனுக்கு நலத்திட்டம், ஜெயலலிதா பேர் வச்சா விலையில்லா மிக்ஸி, எதிர்க்கறவனுக்கு இலவசம், 2022ல பிரதமர் வாய்ல ரேவடி, அதாவது ஓசில அள்ளி வீசற மிட்டாய். மிக்ஸி ஒன்னுதான், அரைக்கறது சட்னிதான்.

இதுல சமீபத்துல எனக்கு ரொம்ப சுவாரசியமாப் பட்டது "விகிதாச்சாரம்"ங்கற வார்த்தை. எம்.பி. தொகுதிகள ஜனத்தொகைப்படி திரும்பப் பிரிக்கற தொகுதி மறுவரையறை பிரச்சனைல தெற்குல ஒரு தொகுதி கூட விகிதாச்சார அடிப்படைல குறையாதுன்னு அதே கோயம்புத்தூர் கூட்டத்துல அமித் ஷா சொன்னாரு. கேக்க உறுதிமொழி மாதிரிதான் இருந்துச்சு, சேனல்ல எல்லாம் அப்படித்தான் பிரேக்கிங் போட்டாங்க. எதோட விகிதம்? இப்ப 543ல 39, அதாவது 7.2%, அந்த விகிதத்த காப்பாத்தறதுன்னா ஒரு அர்த்தம். ஜனத்தொகை விகிதம்னா அதுக்கு நேர் எதிர் அர்த்தம். ஆராய்ச்சியாளர்கள் 2019ல போட்ட ஒரு கணக்குல மக்களவை 848 இடமா பெருகினா தமிழ்நாட்டுக்கு 49, உ.பி.க்கு 143. 39 போய் 49 ஆச்சே, எங்க குறைஞ்சுது? குறையல. ஆனா பழைய பங்குப்படி 61 வரணும். 49ஐக் காட்டி "கூடிருக்கு"ன்னும் சொல்லலாம், "12 போச்சு"ன்னும் சொல்லலாம், ஒரே 49. இந்தப் பக்கம் "8 தொகுதி பறிபோகும்"னு சொன்னதும் மொத்தம் 543ஆவே இருந்தாங்கற அனுமானத்துலதான் நிக்குது, அத சுவரொட்டில யாரும் அடிக்கல. அனுமானத்துக்கு சுவரொட்டில எடம் இல்ல. ஆனா பயத்துக்கு காரணம் இல்லாம இல்ல, 1962 தேர்தல்ல நமக்கு 41 எம்.பி., 1967ல 39 ஆனது நிஜமா நடந்தது.

யாரு சொல்றாங்கன்னு பாத்து முடிவு பண்றதப் பத்தி ஒரு வார்த்தை. "அவன் சங்கி", "இவன் இருநூறு ரூவா உபி" (திமுக உடன்பிறப்பு), இந்த ரெண்டு வார்த்தைலயே நம்ம விவாதம் முக்கால்வாசி முடிஞ்சிருது. சொல்றவரோட உள்நோக்கம் தெரிஞ்சா எங்க தோண்டணும்னு தெரியும், அவ்வளவுதான் அதோட உபயோகம். பெட்ரோல்ல 1 ரூபா 40 பைசா கணக்க திமுக அமைச்சர் சொன்னாலும் 1 ரூபா 40 பைசாதான், நான் அத செக் பண்ணுனது அவர் எனக்குப் பிடிச்ச கட்சிங்கறதால, பிடிச்சவங்க சொன்னாதான் நான் ஏமாறுவேன்னு இப்ப தெரிஞ்சு போச்சே.

இதையெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து எழுதி குரூப்ல போட்டேன், 33 பைசா கணக்கு, பானை மாறுன கதை, மூணு மடங்கு, 1 ரூபா 40 பைசா, எல்லாம். சித்தப்பா படிச்சதுக்கு நீல டிக் விழுந்ததோட சரி. மாமாதான் சாயங்காலமா போன் பண்ணாரு. "மாப்ள, படிச்சேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா இத ரெண்டு வரில போட்டு ஒரு படமா அனுப்பேன், அப்பதான நாலு பேருக்கு ஃபார்வர்டு பண்ண முடியும்"னாரு. சரி மாமான்னு உக்காந்தேன். நாலு தடவ எழுதிப் பாத்தேன், ஒவ்வொரு தடவயும் ரெண்டு வரிக்குள்ள கொண்டு வர்றதுக்குள்ள மேல இருக்கறதோ கீழ இருக்கறதோ ஒன்னு விட்டுப் போயிருது, படம் மட்டும் நல்லா வந்துச்சு, அனுப்பல.